நேர்த்தி பண்ணின விதை

மருந்து என்றுதான் சொன்னாள். எனக்கு அப்படித்தான் கேட்டது. ஆனால் டிரைவர் பஸ்ஸை உறுமவிட்டுவிட்டு டீ குடிக்க இறங்கிப் போயிருக்கிறார், இந்த உறுமலுக்குள் எந்த வார்த்தையும் எப்படியும் கேட்கும், மஞ்சள் என்று சொல்லியிருப்பாள், மண்ணு என்று சொல்லியிருப்பாள், பூ விதையைப் பார்த்து எதற்கு மருந்து என்று சொல்ல வேண்டும். பக்கத்து சீட்டு அம்மாள் இப்போது என்னைப் பார்க்கவில்லை, என் மடியில் உட்கார்ந்திருக்கிற சஷ்மிதாவைத்தான் பார்க்கிறாள், சஷ்மிதாவின் வாயை. வாய் ரோஸ் நிறத்தில் இருக்கிறது. கீழுதடு, மோவாய், கழுத்து மடிப்பு, எச்சில் ஒழுகி ஒழுகி கவுன் காலர் வரைக்கும் ரோஸ். சற்று முன்னால் இதே அம்மாள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், "ஏனம்மணி, சீரக முட்டாய் வாங்கிக் குடுத்தியா கொழந்தைக்கு? கல்யாணப் பொண்ணாட்ட லிப்ஸ்டிக் பூசிட்டு உக்காந்திருக்கறா." நான் சிரித்தேன். எனக்கு அதுதான் தெரியும், யார் எது கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பது. அப்படிக் குனிந்தபோதுதான் பார்த்தேன், அழாமல் இருக்கட்டும் என்று சஷ்மிதா கையில் கொடுத்திருந்த விதைப் பொட்டலம் கிழிந்திருக்கிறது, நூல் அவிழ்ந்து, காகிதம் எச்சிலில் ஊறி, என் மடியெல்லாம் ரோஸ் சாயம் ஏறிய சூரியகாந்தி விதை. அம்மாள் அதில் ஒன்றை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சிரிப்பு அவள் முகத்தை விட்டுப் போனது. "இது நேர்த்தி பண்ணுன வெதையல்லோ. மருந்துல பொரட்டுனது. இதையா கொழந்த கைல குடுத்த?"

விரலை உள்ளே விட்டுப் பார்க்கிறேன். கன்னத்துக்கு உள்ளே, நாக்குக்கு அடியில், மேலண்ணத்தில், என் விரல் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது, கடிக்கிறாள், கடிக்கட்டும், ஒன்று வருகிறது, முழு விதை, சாயமெல்லாம் போய் வெளுத்துக் கிடக்கிற முழு விதை. சாயம் எங்கே போயிற்று. அவளுக்குள் போயிற்று. இன்னொன்று இருக்கிறதா, இருந்ததா, பஸ் ஏறியதிலிருந்து நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன், எதிரே புடவைக் கடை பொம்மைக்குக் கட்டியிருந்த பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேர்த்தி என்றால் நல்லது என்றுதானே அர்த்தம். ஐந்தாவது படிக்கும்போது டீச்சர் என் நோட்டைத் தூக்கிப் பிடித்து, பாருங்கடா எழுத்து எவ்வளவு நேர்த்தியா இருக்குது என்று சொன்னார், அந்தப் பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றி யாரும் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான், அதற்கப்புறம் நான் பள்ளிக்கூடமே போகவில்லை. நேர்த்தி என்றால் சாமிக்கு நேர்ந்துகொள்வது. சஷ்மிதா வயிற்றில் தங்கினால் தொட்டில் கட்டுகிறேன் என்று மாரியாத்தாளுக்கு நேர்ந்துகொண்டேன், கட்டிவிட்டு வந்தபோது அம்மா, நேர்த்தி தீந்துது சாமி என்று என் நெற்றியில் கை வைத்தாள். கடைக்காரர் அந்த வார்த்தையைத்தான் சொன்னார், "நேர்த்தி பண்ணுன வெதைங்க அம்மணி, கண்ண மூடிட்டுப் போடலாம், ஒரு பூச்சி அண்டாது." நான் என்ன நினைத்தேன் என்றால், வெளியே சொன்னால் சிரிப்பார்கள், சாமி முன்னால் வைத்துப் பூசை போட்டு எடுத்த விதை என்று நினைத்தேன், குங்குமம் பட்டுத்தான் அந்த நிறம் வந்தது என்று நினைத்தேன், பொட்டலத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இடுப்பில் இருந்தவள் கையில் கொடுத்தேன். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்கு யூரியா எடுக்கத் திரும்பினார். நேர்த்தி என்றால் என்னங்க என்று ஒரு வாய் கேட்டிருக்கலாம். உர மூட்டைகளின் மேல் சாய்ந்துகொண்டு ஆம்பிளைகள் நின்றார்கள், கேட்டால் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும், கேட்கவில்லை.

எங்கே வாங்கினால் கட்டுப்படியாகும் என்று நேற்று முழுக்க யோசித்தேனே, வாசலைக் கூட்டும்போதும் யோசித்தேன், துணி அலசும்போதும் யோசித்தேன், இதை யோசித்தேனா. தேங்காய் நார் மில்லின் லைன் வீட்டு வாசலில் எங்களுக்கு இருப்பது ஒரு பாய் விரிக்கிற இடம், அதற்கு இவ்வளவு யோசனை. "நாலு செடி வெக்கறதுக்கு டவுனுக்குப் போகோணுமாக்கும்" என்றார் சஷ்மிதாவின் அப்பா, "மில்லுக்குப் பின்னால எருக்கு சும்மா மொளச்சுக் கெடக்குது, அதும் பூதான், புடுங்கியாந்து நடு." அவர் அப்படித்தான் பேசுவார், ஆனாலும் காலையில் பஸ்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். பைபாஸ் பக்கத்து நர்சரியில் முதலில் பார்த்தேன், பாக்கெட்டின் மேல் தட்டு அகலத்துக்குப் பூப்படம், காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே நாலைந்து விதை உருளுகிற சத்தம். அந்தக் கடைப் பெண், இதுக்கு கோகோபீட்டும் வாங்கிக்கோணும்க்கா என்று ஒரு பையைக் காட்டினாள், பார்த்தால் நார்த்தூள், எங்கள் மில்லில் மலையாகக் குவிந்து கிடக்கிற, மழை வந்தால் வீட்டுக்குள் வந்துவிடுகிற நார்த்தூள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன். சந்தை வாசலில் சாக்கு விரித்து விற்கிறவரிடம் எல்லாம் சல்லிசு, ஆனால் எங்கள் லைனில் ருக்குமணியக்கா அவரிடம் செண்டுமல்லி விதை என்று வாங்கிப் போட்டு தண்டங்கீரை முளைத்தது, பூ வரட்டும் வரட்டும் என்று காத்திருந்து கடைசியில் கடைந்து சாப்பிட்டார்கள். அப்புறம்தான் உரக்கடை. வெள்ளாமை செய்கிறவர்களுக்கு விற்கிற விதை மூட்டை வாய் பிரிந்து நின்றது, அதில் கரண்டியை விட்டு ஒரு அள்ளு, நர்சரியில் ஒரு பாக்கெட்டுக்குக் கொடுக்கிற காசுக்கு இங்கே கை நிறைய. எனக்கு எப்படி இருந்தது தெரியுமா. டவுனுக்கு வந்து ஏமாறாமல் ஒரு சாமான் வாங்கிவிட்டேன் என்று நெஞ்சு நிறைந்திருந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். சூரியகாந்தி எதற்கு என்றால், போன மாதம் அம்மா வீட்டுக்குப் போகும்போது பஸ் ஜன்னலில் வெள்ளாமைக் காடு முழுக்கச் சூரியகாந்தி நின்றது, சஷ்மிதா கையை நீட்டி, பூ என்றாள். இரண்டு வயது தாண்டியும் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை. மாமியார் சொல்லிச் சொல்லிக் காட்டுகிற பிள்ளை, "ஆயி வாயத் தொறந்தாத்தான புள்ள வாயத் தொறக்கும், ரெண்டும் கல்லாட்ட உக்காந்திருக்குதுக." அந்தப் பிள்ளை பூ என்றாள். தினம் கதவைத் திறந்தால் எதிரில் அது நிற்கட்டும் என்று நினைத்தேன், நின்றால் தினம் சொல்வாள் என்று நினைத்தேன், ஒன்று சொல்லப் பழகினால் அடுத்தது வரும் என்று.

பஸ் நகர்கிறது. டிரைவர் எப்போது ஏறினார். சஷ்மிதா என் நெஞ்சில் சாய்கிறாள், இந்த நேரத்துக்குத் தூங்குவாள், தினமும் இந்த நேரத்துக்குத்தான் தூங்குவாள், இது தூக்கம்தான், தூக்கம் என்றால் கண் இப்படிப் பாதியில் நிற்குமா. மருந்து என்றால் இருமலுக்குக் கொடுப்பதும் மருந்து. மூடியில் ஊற்றி, குடி சாமி, மருந்து சாமி, என்று கன்னத்தைப் பிடித்து நான் கொடுப்பது. தென்னைக்கு வேரில் கட்டுவதும் மருந்து. எங்கள் ஊரில் சரோஜா சித்தி குடித்ததும் மருந்து, பருத்திக்கு அடிக்க வாங்கி வைத்திருந்தது, சித்தி மருந்து குடிச்சுட்டா என்று யாரோ ஓடி வந்து சொன்னபோது நான் சின்னவள், சித்திக்கு உடம்பு சரியாகிவிடும் என்று நினைத்தேன், மருந்து குடித்தால் சரியாகும்தானே, ஏன் எல்லோரும் வாயில் அடித்துக்கொள்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சித்தியின் வாயோரம் நுரை இருந்தது. இவளுக்கு எச்சில்தான். இது எச்சில்தான். குமிழ் வருகிறது, எல்லாக் குழந்தைக்கும் குமிழ் வரும். எழுந்து நிறுத்தச் சொல்ல வேண்டும், எனக்குத் தெரிகிறது, தொண்டைக்குள் அந்தச் சொல் நிற்கிறது, வண்டிய நிறுத்துங்க, இரண்டே சொல், என் இறங்கும் இடத்தில் கூட நான் சொன்னதில்லை, பக்கத்தில் யாராவது இறங்குவார்கள், கூடவே இறங்கிவிடுவேன், யாரும் இறங்காத நாளில் அடுத்த ஸ்டாப்புக்குப் போய்த் திரும்பி நடந்திருக்கிறேன். வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. "ஏம்மா, பெரியாஸ்பத்திரி தாண்டப் போகுது, சொல்ல மாட்டியா நீ?" அம்மாள் என்னைப் பிடித்து உலுக்கிவிட்டு எழுந்து நிற்கிறாள். "கண்டக்டரே, வண்டிய ஓரங்கட்டுங்க. கொழந்த மருந்துல வாய வெச்சிருச்சு." எல்லாத் தலையும் திரும்புகிறது. நான் பயந்த அதே திரும்பல். கண்டக்டர் விசில் ஊதுகிறார், யாரோ என் பையை எடுத்துக் கொடுக்கிறார்கள், யாரோ, பாத்து எறங்குங்க என்கிறார்கள், அம்மாள் கேட்கிறாள், "நானும் வரட்டுமா கூட?" நான் தலையை ஆட்டுகிறேன், வேண்டாம்ங்க என்கிறேன். ஏன் சொன்னேன். வரட்டுமா என்று யார் கேட்டாலும் வேண்டாம்ங்க என்றுதான் எனக்கு வரும், சோறு போடட்டுமா என்று கேட்டாலும் அதுதான் வரும். பஸ் போய்விட்டது. புகைதான் நிற்கிறது. வாங்கக்கா, கூட வாங்க என்று சொல்லியிருந்தால் வந்திருப்பாள், செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துகூட நின்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் சீட்டுப் போடும் வரிசை. நான் அதில் நிற்கிறேன். என் தோளில் மருந்து தின்ற குழந்தை, நான் வரிசையில் கடைசியாகப் போய் நிற்கிறேன், எனக்கு முன்னால் கையில் கட்டுப் போட்ட ஒருவர், அவருக்கு முன்னால் காய்ச்சல்காரர்கள், இன்னொருத்தர் வந்து, கொஞ்சம் தள்ளும்மா என்று என் முன்னால் நுழைகிறார், நான் தள்ளி நிற்கிறேன். கால் தானாக நகர்கிறது. சஷ்மிதாவின் தலை என் தோளிலிருந்து சரிந்து முழங்கைக்கு வருகிறது, தூக்கினால் மறுபடி சரிகிறது, சஷ்மி என்கிறேன், சஷ்மிக்குட்டி என்கிறேன், கண்ணைத் திறந்து என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் எதையோ பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறாள். அப்போது வரிசை எங்கே போனது என்று தெரியவில்லை. நான் கதவுக்கு உள்ளே நிற்கிறேன், வெள்ளைப் புடவை நர்ஸக்கா ஒருத்தி ஊசி பாட்டிலை உடைத்துக்கொண்டிருக்கிறாள், "சீட்டு எங்கம்மா? சீட்டில்லாம உள்ள வரக் கூடாது." "நேர்த்திங்க" என்கிறேன். "என்னது?" "கொழந்த நேர்த்தியச் சாப்டுட்டா." அவளுக்குப் புரியவில்லை, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்க்கிறாள், அவர் கோயில் சாப்பாடு ஏதாவது ஒத்துக்கலையோ என்னமோ என்கிறார். எனக்கு அழுகை வரவில்லை, வந்தால் நல்லது. "மருந்துங்க்கா" என்கிறேன். "கொழந்த மருந்து சாப்டுட்டா." ஊசி பாட்டில் தட்டில் விழுகிறது. ஒரே எட்டில் வருகிறாள், சஷ்மிதாவின் கண் இமையை விரலால் பிரிக்கிறாள், வாயை முகர்கிறாள், அவளுடைய மூக்கு என் குழந்தையின் ரோஸ் வாய்க்குள்ளேயே போகிறது. "யாரு குடுத்தது?" நாந்தான் என்கிறேன். உண்மைதானே, என் கையால்தான் கொடுத்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். என் முகத்தை, கழுத்தை, தாலிக்கொடியை, வளையல் இருக்கிறதா என்று கையை, கையில் எங்காவது காயம் இருக்கிறதா என்று இன்னொரு தடவை. அவள் குரல் இறங்குகிறது, என் அக்கா யாராவது பேசுவது போல இருக்கிறது. "நீயும் சாப்டியா?"

எதற்கு இதைக் கேட்கிறாள் என்று எனக்கு உடனே புரியவில்லை. அப்புறம் புரிந்தது. சித்தியைப் போல. பிள்ளைக்கும் கொடுத்துவிட்டுத் தானும் குடிப்பவர்களைப் போல. என்னை அப்படிப் பார்க்கிறாள், பெஞ்சில் இருக்கிற ஆளும் அப்படிப் பார்க்கிறார், இல்லை என்று சொல்ல வேண்டும், ஐயோ இல்லைங்க்கா என்று சொல்ல வேண்டும், வாயைத் திறந்துவிட்டேன், அப்போதுதான் நாக்கில் ஒரு கசப்பு இருப்பது தெரிந்தது. கடையிலிருந்தே இருக்கிறது. கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது மூட்டையிலிருந்து ஒரு விதையை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தேன். எந்த விதை வாங்கினாலும் எங்கள் வீட்டில் கடித்துத்தான் பார்ப்போம், கொத்துமல்லியானாலும் அவரையானாலும், உள்ளே பருப்பு இருக்கிறதா சொத்தையா என்று. பட்டென்று உடைந்தது. தோலைத் துப்பினேன், பருப்பை நுனிப்பல்லில் நசுக்கிப் பார்த்து விழுங்கினேன். இடுப்பில் இருந்தவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். விதையை என்ன செய்ய வேண்டும் என்று என்னைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தாள். "உன்னத்தான கேக்கறேன், நீயும் சாப்டியா?" ஆமாங்க்கா என்றேன்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. "டாக்டரைக் கூப்புடு, தாயும் புள்ளையும்" என்று நர்ஸக்கா உள்ளே பார்த்துக் கத்தினாள், என் கையிலிருந்து சஷ்மிதாவைப் பிரித்தார்கள், நான் விடவில்லை, விரல் விரலாக எடுத்தார்கள். "போலீஸ் அவுட்போஸ்ட்டுல சொல்லிரு" என்று யாரோ சொன்னார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நான் பேசினேன். அப்படி ஒரு குரல் எனக்கு இருப்பதே எனக்குத் தெரியாது, அந்த அறையின் மூலை வரைக்கும் கேட்டது. நான் சாகறதுக்கு வரலீங்க, பூ வெதை வாங்கறதுக்கு வந்தனுங்க, அவ பூன்னு சொன்னாளுங்க, உரக்கடை மூட்டைல அள்ளிக் குடுத்தாங்க, நேர்த்தி பண்ணுனதுன்னாங்க, எனக்கு நேர்த்தின்னா சாமிக்குப் பண்றதுதானுங்க தெரியும், கைல குடுத்தனுங்க, நானுங் கடிச்சுப் பாத்தனுங்க, அதையப் பாத்துத்தான் அவளும் கடிச்சா, எம்புள்ளயப் பாருங்க மொதல்ல, என்னைய எங்க வேணாலும் கூட்டிட்டுப் போங்க, எம்புள்ளயப் பாருங்க. முந்தானையில் ஒட்டியிருந்த விதைகளை அவர்கள் மேசையில் உதறினேன். டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார், ஒரு விதையைக் காகிதத்தின் மேல் தள்ளிப் பார்த்தார், போனில் யாரிடமோ பேசினார், தட்டியின் மறுபக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது, ஏதோ கீழே விழுந்தது, அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. ஒன்றுமே கேட்காத அந்த நேரத்தில் நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை, நேர்ந்துகொள்ள வாய் வரவில்லை, அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் போகவே பயமாக இருந்தது. அப்புறம் சஷ்மிதா அழுதாள். அவளுக்கே உரிய அழுகை, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, தடுப்பூசிக்கு அழுகிற அழுகை. "அழுவட்டும், அழுவட்டும், நல்லா அழுவறா" என்றாள் உள்ளேயிருந்து ஒருத்தி. டாக்டர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "சப்பியிருக்கா, விழுங்கின மாதிரி தெரியல, கண்ணு நல்லாருக்கு, காலைல வரைக்கும் ரெண்டு பேரும் இங்கயே இருங்க" என்றார். என்னை ஒரு கட்டிலில் படுக்க வைத்து, சஷ்மிதாவையும் என் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார்கள். அவள் வாயைக் கழுவியிருந்தார்கள், உதடு அதன் சொந்த நிறத்துக்கு வந்திருந்தது, என் விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விக்கிக்கொண்டே கிடந்தாள். நர்ஸக்கா என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள், கையில் ஊசி குத்தி டியூபை ஒட்டினாள், ஒட்டிக்கொண்டே தலையை ஆட்டினாள்.

"கொழந்தைக்குத் தெரியாது, சரி. நீ எதுக்கும்மா அதக் கடிச்ச?"

"வெத நல்லதான்னு பாக்கறதுக்குங்க்கா."

அவள் டியூபில் சொட்டு இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"நல்லதா?"

"நல்ல வெதைங்க்கா" என்றேன். "பருப்பு நெறஞ்சிருந்துச்சு."